வேப்பங்கொத்து கட்டிய ஒன்பது நாள்

முதலாளி, என் அக்காவைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை. "அவிய வம்சத்துலயே அந்த வியாதி இருக்குது" என்று பனியன் கம்பெனி முழுக்கச் சொன்னீர்களே, அது பொய். எங்கள் வம்சத்தில் யாருக்கும் காசம் வந்ததில்லை. எங்கள் அப்பா அறுபது தாண்டியும் கிணறு வெட்டப் போனவர். அது உங்களுக்கும் தெரியும். உங்கள் தோட்டத்துக் கிணற்றைத் தூர் வாரியதே அவர்தான்.

சென்ற மாதம் கம்பெனி விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினீர்கள். "அந்தக் காலத்துல நம்ம புள்ளைங்க ராத்திரி பகல் பாக்கலீங்க. தூக்கம்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாதுங்க. அப்பிடி ஒழைச்சாங்க" என்றீர்கள். மண்டபமே கைதட்டியது. நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன். பதினெட்டு வருடம் உங்களிடம் வேலை செய்த கை. நீங்கள் பேசி நிறுத்தினால் அது தானாகத் தட்டிவிடும். தட்டி முடித்த பிறகுதான் எனக்கு உடம்பு எரிந்தது.

விழா மலருக்குப் பழைய ஆட்கள் தங்கள் நினைவுகளை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரவேண்டும் என்று ஒரு பையன் வந்து தாள் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு பக்கத்தில் அடங்காது. உங்கள் மலரில் இதைப் போடவும் மாட்டீர்கள். அதனால் எனக்கு வேண்டிய நீளத்துக்கு எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். படிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் குன்னத்தூர்ப் பக்கம். அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவள். எண்பதுகளின் கடைசி. இரண்டு வருடம் மழை சரியில்லை, காட்டு வேலை இல்லை. முதலாளியின் பூமியில்தான் எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவரே ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்தார். "புள்ளைங்க ரெண்டையும் என்றகூட அனுப்புங்க. என்ற ஊட்டுப் புள்ளைங்களாட்டப் பாத்துக்கறனுங்க" என்றார். எங்கள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரிங்க, நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பனியன் கம்பெனிகள் நிறைந்த டவுனில், ராயபுரம் என்ற பகுதியில் ஒரு லைன் வீடு. ஆறு குடும்பத்துக்கு ஒரு குழாய். எங்களுக்கு ஒரு அறை. அக்கா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தாள். பனியனின் தோளையும் பக்கங்களையும் மூட்டித் தைக்கிற மிஷின் அது. நான் ஆறு மாதம் கைமடிக்கு நின்றேன். அக்கா தைத்துத் தள்ளுகிற பீஸை வாங்கி, பிசிறு வெட்டி, அடுக்கி, அடுத்த டேபிளுக்குக் கொடுக்க வேண்டும். பிறகு எனக்கும் ஒரு மிஷின் கொடுத்தார்கள்.

காலை எட்டரைக்கு பெல். இரவு எட்டரைக்கு விடுவார்கள். அதற்குப் பெயர் ஒன்றரை ஷிப்ட். அது சாதாரண நாள். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒரு மணி, இரண்டு மணி ஆகும். சில நாள் விடிய விடிய. மறுநாள் காலை அதே எட்டரைக்கு அதே பெல். இராத்திரியில் பெண்களை வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அதற்காக முன்பக்க ஷட்டரை ஏழு மணிக்கே இறக்கிவிடுவார்கள். உள்ளே நாற்பது மிஷின் ஓடும். நாங்கள் வீட்டுக்குப் போவது கொல்லைக் கதவு வழியாக. சட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு இருப்பதே தெரியாது.

எங்களுக்கு இருந்த ஒரே தூக்கம் கரண்ட் கட். கரண்ட் போன நொடியில் நாற்பது தலையும் நாற்பது மிஷின் மேல் சாயும். சிலர் கட்டிங் டேபிளுக்கு அடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே புகுந்துகொள்வார்கள். அரை மணி கிடைக்கும், நல்ல நாளில் ஒரு மணி. மின்வாரியத்தை ஊரே திட்டும்போது நாங்கள் மட்டும் கும்பிட்டோம். அதையும் முதலாளி கண்டுகொண்டார். ஜெனரேட்டர் வாங்கினார். அதற்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் பூந்தி கொடுத்தார். எங்கள் தூக்கத்தை எடுத்துக்கொண்டு கொடுத்த பூந்தியை நாங்கள் நக்கி நக்கித் தின்றோம். அவ்வளவு மடத்தனம்.

உடம்பு என்ன ஆனது என்று சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றவள். புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. விரலில் பார்த்ததைச் சொல்கிறேன். மிஷின் ஊசி விரலில் ஏறுவது எங்களுக்குப் புதிது இல்லை. ஆர்டர் இல்லாத மாதத்தில் ஏறினால் எண்ணெய் தடவி ஒரு துண்டுத் துணியைச் சுற்றிவிடுவோம். நாலு நாளில் ஆறிவிடும். ஷிப்மெண்ட் மாதத்தில் ஏறினால் அதே விரல், அதே ஊசி, அதே எண்ணெய்தான். ஆனால் சீழ் வைக்கும். வாய் புண்ணாகும். கண்ணில் கட்டி வரும். ஒருத்திக்குச் சளி பிடித்தால் மூன்று நாளில் வரிசை முழுக்க இருமும். பஞ்சுத் தூசிதான் காரணம் என்று சூப்பர்வைசர் சொல்வார். தூசி எல்லா மாதமும்தான் இருந்தது. தூக்கம்தான் இல்லை.

எனக்கு அந்த வருடம் இடது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறி, ஒரு மாதமாகியும் புண் மூடவில்லை. அக்காவுக்கு அதே சமயம் இருமல் பிடித்தது. முதலில் வறட்டு இருமல். பிறகு சாயங்காலமானால் உடம்பு சுட ஆரம்பித்தது. ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. தெருமுனையில் இருந்த டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் தாண்டிய இருமலைச் சும்மா விடக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைப் பரிசோதித்து எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "நல்லாத் தூங்கறியாம்மா?" என்று கேட்டார். அக்கா சிரித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி காலையில்தான் திறக்கும். காலையில் எங்களுக்கு பெல். ஒருநாள் முழுசாக லீவு வேண்டும். அக்கா முதலாளியின் ரூமுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அண்ணா, ரெண்டு நாள் லீவு வேணுமுங்க. இருமல் நிக்கமாட்டேங்குதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, கொஞ்சம் படுத்து எந்திரிச்சா நல்லாருக்குமுங்க."

அவர் கோபப்படவில்லை. அவர் எங்களிடம் கோபப்பட்டதே கிடையாது. "இருமலுக்கெல்லாம் லீவா கண்ணு? இந்த ஷிப்மெண்ட் ஏறட்டும். அப்பறம் ஒரு வாரம் கால நீட்டித் தூங்கு, யாரு வேண்டாங்கறது?" என்றார்.

அந்த ஷிப்மெண்ட் ஏறியது. அடுத்தது வந்தது. அதுவும் ஏறியது. சீட்டு எங்கள் அறையில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பெனியில் எந்த வியாதிக்கும் லீவு கிடையாது, ஒன்றைத் தவிர. அம்மைக்கு உண்டு. முதலாளி மாரியம்மன் பக்தர். வருடா வருடம் கோயிலில் நோன்பு சாட்டி அறிவித்ததும் செருப்பில்லாமல் நடப்பார். பூவோடு என்கிற தீச்சட்டியைக் கையில் ஏந்தி வருவார். யாருக்காவது அம்மை போட்டிருக்கிறது என்றால் அவருக்கு அது வியாதி இல்லை, ஆத்தா வந்திருக்கிறாள். வாசலில் வேப்பங்கொத்து கட்டி, அம்மை இறங்கத் தலைக்கு ஊற்றுகிற கடைசித் தண்ணீரான மூன்றாம் தண்ணீர் வார்க்கிற வரைக்கும், அதாவது ஒன்பது நாள், அந்தப் பிள்ளையை யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. வீட்டில் ஒருத்தர் கூட இருந்து பார்த்துக்கொள்ளவும் லீவு. எவ்வளவு பெரிய ஷிப்மெண்ட் இருந்தாலும் சரி.

அது சித்திரை வெயில். அக்காவின் கழுத்திலும் தோளிலும் வேர்க்குரு. அதில் மூன்று நான்கு மட்டும் பழுத்துக் கொப்புளமாக நின்றன. தூக்கமில்லாத உடம்பு, சொறிந்த இடமெல்லாம் பழுத்தது. பீஸ் எண்ண வந்த சூப்பர்வைசர், தேனிப் பக்கத்துக்காரர், குனிந்து பார்த்தார்.

"ஏ பிள்ள, என்னா கழுத்துல? அண்ணே, இங்க வாங்கண்ணே. அம்ம மாதிரில்ல தெரியிது!"

முதலாளி இரண்டு எட்டில் வந்தார். பார்த்ததும் பின்னால் நகர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "ஆத்தா, தாயே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மைதான கண்ணு?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல இருந்தது. அம்மை இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"ஆமாங்க" என்றேன்.

பொய் சொன்னது நான். அதை நான் மறைக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் மறக்கவும் இல்லை.

பத்து நிமிடத்தில் எங்கள் இரண்டு பேரையும் கம்பெனி வண்டியிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போதே டிரைவர் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி ஒரு கட்டுத் தழை ஒடித்துக் கொடுத்தார். நான் வாசல் நிலையில் கொத்தைக் கட்டினேன். பாயில் தழையைப் பரப்பினேன். அக்கா அதன்மேல் விழுந்தாள். உட்காரக்கூட இல்லை, விழுந்தாள். அப்போது காலை பதினோரு மணி இருக்கும். மறுநாள் மத்தியானம் வரை அவள் எழவில்லை. மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். பார்த்துவிட்டு நானும் பக்கத்தில் படுத்தேன். லைனில் குழாயடிச் சண்டை நடந்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கா தானாகப் பசிக்கிறது என்றாள். கம்பங்கூழ் கரைத்துக் கொடுத்தேன். இரண்டு சொம்பு குடித்தாள். எத்தனை மாதம் கழித்து! "அம்மிணி, தூங்கி எந்திரிச்சா வாயி இனிக்குது பாரு" என்றாள். பிறகு வேப்பந்தழையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, "பொய் சொல்லிப்போட்டம், தாயே. தூங்கறதுக்குத்தான் சொன்னம். கோவிச்சுக்காத" என்று கும்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்காம் நாள் முதலாளி வந்தார். தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு, உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நடந்து வந்தார். பின்னால் டிரைவர் ஒரு குலை இளநீரைத் தோளில் தூக்கி வந்தார். லைனில் இருந்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். அவர் வாசலைத் தாண்டவில்லை. வேப்பங்கொத்தின் இந்தப் பக்கம் நின்று கைகூப்பினார். உள்ளே அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பதறிப்போய் அவளைத் தொட்டு எழுப்பப் போனேன்.

"வேண்டாங் கண்ணு, எழுப்பாத" என்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தூங்கட்டும், தூங்கட்டும். ஆத்தா எறங்கியிருக்கற ஒடம்பு. தூங்குனாத்தான் குளுரும். தூங்கறப்ப எழுப்பப்படாது."

இளநீர்க் குலையைக் கீழே வைக்கிற சத்தம்கூட அவருக்குப் பொறுக்கவில்லை. "மெதுவா வெய்யீடா" என்று டிரைவரை அதட்டினார். திரும்பிப் போகும்போது, குழாயடியில் குடம் வைத்த பெண்ணிடம், "சத்தம் போடாதீங்க தாயி, புள்ள தூங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே வாய்தான், முதலாளி. அதற்கு இரண்டு வாரம் முன்பு, விடிய விடிய வேலை செய்து, காலை பத்து மணிக்கு அக்கா மிஷின் மேல் தலை சாய்த்துவிட்டாள் என்று, "மூஞ்சில தண்ணியடிங்கப்பா" என்று சொன்ன வாய். தண்ணீர் அடித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிதியை மிதித்தாள். அப்போதும் அவளுக்குக் காய்ச்சல் இருந்தது.

எனக்கு உங்கள்மேல் உள்ள கோபத்துக்கு அடிப்படை இதுதான். நோய் கண்ட உடம்புக்குத் தூக்கம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. வாசலில் நின்று அதை எனக்கே சொல்லிக்கொடுத்தீர்கள்.

ஐந்தாம் நாள் நான் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டை எடுத்தேன். "அக்கா, சும்மாதான இருக்கறம். போய் அந்தச் சளிய டெஸ்ட் பண்ணீட்டு வந்தர்லாம். காலைல போனா மத்தியானத்துக்குள்ள வந்தர்லாம்."

"உனக்குக் கிறுக்கா? வாசல்ல கொத்தக் கட்டீட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அம்மைக்கு யாரு மருந்து திங்கறா? மொதலாளி காதுக்குப் போயிரும்."

"போனாப் போகுது."

"போனா வேலையும் போயிரும். ஊருல அப்பனையும் காட்டுக்குக் கூப்புட மாட்டாங்க."

அவள் சொன்னது சரி. எங்கள் பக்கம் அம்மை போட்டால் மருந்து மாத்திரை எதுவும் தரமாட்டார்கள். வாசல்படி தாண்டக் கூடாது. வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. லைனில் ஆறு வீட்டுக் கண்ணும் எங்கள் வாசலில்தான் இருந்தது. கம்பெனியில் வேலை செய்கிறவர்களே இரண்டு வீட்டில் இருந்தார்கள். தூங்குவதற்காகக் கட்டிய வேப்பங்கொத்து எங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காலை நேரம். கையில் ஒன்பது காலை இருந்தது. ஒன்றில்கூடப் போகவில்லை. சீட்டை மறுபடி செருகினேன்.

ஏழாம் நாள் என் விரலைப் பார்த்தேன். மாதக்கணக்காகத் திறந்து கிடந்த புண் காய்ந்து, தோல் மூடியிருந்தது. ஒரு மருந்தும் போடவில்லை. என் வாய்ப்புண்ணும் போய்விட்டது. அக்காவின் தோளில் இருந்த கொப்புளங்கள் வாடிவிட்டன. இருமல் பாதியாகக் குறைந்தது. முகத்தில் ரத்தம் வந்தது. ஆனால் சாயங்காலமானால் உடம்பு சுடுவது மட்டும் நிற்கவில்லை. தூக்கம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று நான் சொல்லவரவில்லை. ஆற்றவேண்டியதை ஆற்றியது. மீதிக்கு மருந்து வேண்டும். மருந்துக்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் நீங்கள் தரவில்லை.

மூன்றாம் தண்ணீர் வார்த்த மறுநாள் வேலைக்குப் போனோம். சூப்பர்வைசர் அக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னா பிள்ள, ஒரு தழும்பு கூடக் காணோம்? மாரியாத்தா உனக்கு மட்டும் பவுடர் போட்டு விட்டுட்டுப் போயிட்டாளா?"

"கும்புட்டதுக்குப் பலனுங்க" என்றாள் அக்கா.

"கும்பிட்டியோ குறட்ட விட்டியோ, யாருக்குத் தெரியும்?"

வரிசை சிரித்தது. சிரித்ததோடு புரிந்தும் கொண்டது. அடுத்த இரண்டு மாதத்தில் எங்கள் வரிசையிலேயே நான்கு பேருக்கு அம்மை. ஒருத்தி கொசுக் கடித்த தடிப்பைக் காட்டிப் போனாள். இன்னொருத்திக்கு ஏற்கெனவே சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. அவளும் போனாள். முதலாளி தலையில் கைவைத்தார். "மாரியாத்தா என்ற கம்பெனிக்கே குடி வந்துட்டாளா?" என்றார். கடைசியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மை என்று யாராவது சொன்னால் செக்கிங் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பனியன் துணியில் ஓட்டை பார்க்கிற அக்கா. அவர் வந்து, வெளிச்சத்தில் நிற்க வைத்து, முதுகைத் திருப்பிப் பார்த்து, அம்மை முத்து இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். துணியில் டேமேஜ் பார்ப்பது மாதிரியே பார்த்தார். அந்த வழியும் அடைபட்டது.

எங்களை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்தப் பெருந்தன்மையை நீங்களே பல தடவை சொல்லிக் காட்டினீர்கள். "ஏமாத்துனீங்கன்னு தெரிஞ்சும் வெச்சிருக்கறன் கண்ணு. நம்ம ஊருப் புள்ளைங்கன்னு." அதற்குப் பிறகு அக்கா எந்த வாயோடு லீவு கேட்பாள்? கேட்கவில்லை. புரட்டாசி வரை ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நான் கேட்கச் சொன்னேன். "ஏற்கெனவே பொய் சொன்னவ, இப்ப நெசத்தைச் சொன்னா யாரு நம்புவா?" என்றாள். இருமல் பழையபடி வந்தது. ஒன்பது நாளில் ஏறிய ரத்தம் ஒரு மாதத்தில் இறங்கியது.

ஒருநாள் முன்மதியம். வெள்ளை பீஸ் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து இருமினாள். நிமிர்ந்தபோது தைத்துக்கொண்டிருந்த பனியனில் சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு. மிஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்தார். அவர் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை "பீஸ் போச்சே" என்பது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் இரண்டு நாளாகத் தூங்காதவர். எது முதலில் தெரிய வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் மரத்துப்போயிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, நான் கொண்டுபோன பழைய சீட்டையும் வாங்கிப் படித்தார். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இரண்டு நுரையீரலிலும் பரவியிருக்கிறது என்றார்.

"இந்தச் சீட்டுல தேதி பார்த்தியாம்மா? அப்பவே வந்திருந்தா மாத்திரையிலயே சரி பண்ணியிருக்கலாம். ஏன் வரல?"

"லீவு இல்லீங்க."

"ஒரு நாள்கூடவா கிடைக்கல?"

ஒன்பது நாள் கிடைத்தது என்று எப்படிச் சொல்வேன்?

"தூங்காததனாலதான் இது வந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "ஒரே காரணம்னு சொல்ல முடியாதும்மா. இது கிருமியினால வர்றது. ஆனா கிருமி உள்ள போன எல்லாருக்கும் நோய் வர்றதில்ல. நிறையப் பேர் நெஞ்சுல அது சும்மா கிடக்கும். உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்கற வரைக்கும் அதை அமுக்கி வெச்சிருக்கும். சாப்பாடு இல்ல, ஓய்வு இல்ல, மாசக்கணக்காத் தூக்கம் இல்லன்னா உடம்பு எதை வெச்சு அமுக்கும்? கூட வேலை செய்யற நீயும் சளி டெஸ்ட் பண்ணிக்கோ." என் சளியைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

மாத்திரை ஆரம்பித்தார்கள். அக்காவை வார்டில் சேர்த்தார்கள். ஜன்னலோரக் கட்டில். அங்கே அவளை யாரும் எழுப்பவில்லை. ஆனால் இப்போது தூக்கம் வரவில்லை. படுத்தால் மூச்சுத் திணறியது. தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடியே விடிய வைத்தாள். "பாரு அம்மிணி, நேரம் கெடச்சா தூக்கம் கெடைக்க மாட்டேங்குது" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தை பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். இருபத்தைந்து வயது முடியவில்லை.

முதலாளி மாலையோடு வந்தார். எங்கள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வம்சத்துல இருக்கறத நாம என்ன பண்றதுங்க சாமி" என்றார். எங்கள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆமாங்க" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். கம்பெனியிலும் அதையே சொன்னீர்கள். காசம் என்று வெளியே தெரிந்தால் ஆர்டர் கொடுக்கிறவன் பயப்படுவான் என்று சூப்பர்வைசரிடம் சொன்னதும் எனக்குத் தெரியும். காரியம் முடிந்த மறுநாள் நான் அதே மிஷினில் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது? அதே மாதத்தில் இரண்டு முறை விடிய விடிய தைத்தேன்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. மிஷினை விட்டு வருடங்கள் ஆகின்றன. டிவியில் டாக்டர்கள் வந்து சொல்கிறார்கள், தூங்கும் நேரத்தில்தான் உடம்பு நோயோடு சண்டை போடத் தெம்பு சேர்க்கிறது என்று. கேட்கிறவர்கள் புதுசாகக் கேட்பது மாதிரித் தலையாட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. இதை நான் ஏழாம் நாள் என் விரலிலேயே பார்த்தேன். நீங்கள் நான்காம் நாளே வாசலில் நின்று சொன்னீர்கள். நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் சொன்ன பொய்யை எழுதிவிட்டேன். சீட்டை எடுத்துவிட்டு மறுபடி செருகியது என் கை. அதற்கு நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், முப்பது வருடத்துக்கு மேலாக, படுக்கும்போதெல்லாம். உங்கள் பதில் எங்கே?

எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். டிரைவரிடம் பழக்கூடை கொடுத்தனுப்ப வேண்டாம். அடுத்த வருடமும் அதே மண்டபத்தில் விழா வைப்பீர்கள். அதே மைக் இருக்கும். "தூக்கம்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாது" என்று சொன்ன அதே இடத்தில் நின்று சொல்லுங்கள். எங்களுக்குத் தூக்கம் என்றால் என்னவென்று தெரியும். வேப்பந்தழை மேல் கிடந்து ஒன்பது நாள் தூங்கியிருக்கிறோம். "எழுப்பாத கண்ணு" என்று சொன்னீர்களே, அன்று பாயில் கிடந்தது ஆத்தா இல்லை, என் அக்கா. ஆத்தாவுக்கு ஒன்பது நாள் கொடுத்தீர்கள். என் அக்காவுக்கு ஒரு நாள் ஏன் கொடுக்கவில்லை? ஊர் கேட்க மைக்கில் சொல்லுங்கள். நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை கை தட்ட மாட்டேன்.